அவசரப் பிரிவில் வயிற்றுவலி: கட்டிலருகே ஒரு ஸ்கேன்

கடும் வயிற்றுவலியோடு வருபவரை ஸ்கேன் அறைக்கு அனுப்பாமல், அவர் படுத்திருக்கும் கட்டிலுக்கே மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்து டியூட்டி மருத்துவரே எடுத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்டை பெட்சைடு ஸ்கேன் என்கிறார்கள். கதிரியக்கத் துறையில் எடுக்கும் ஸ்கேனும் இதே ஒலி, இதே ஜெல்தான். கேட்கும் கேள்விதான் வேறு. கதிரியக்க நிபுணர் கல்லீரலில் தொடங்கி சிறுநீர்ப்பை வரை ஒவ்வொன்றையும் அளந்து முழு அறிக்கை எழுதுகிறார். அவசரப் பிரிவில் எடுப்பவர் ஒரு நேரத்தில் ஒரே கேள்வியைக் கேட்கிறார். வயிற்றுக்குள் ரத்தம் தேங்கியிருக்கிறதா? பெருந்தமனி வீங்கியிருக்கிறதா? பித்தப்பையில் கல் உண்டா? ‘ஆம்’, ‘இல்லை’, ‘தெரியவில்லை’ ஆகிய மூன்றில் ஒன்றுதான் விடை. மூன்றாவது விடையைத் தயங்காமல் சொல்லக்கூடியவரிடம்தான் இந்த மெஷினை நம்பிக் கொடுக்கலாம்.

வயிற்றுவலி என்பது ஏமாற்றும் புகார். தொப்புளுக்கு மேல் வலிக்கிறது என்று சொல்பவருக்கு வெறும் நெஞ்செரிச்சலாக இருக்கலாம், பித்தப்பைக் கல்லாக இருக்கலாம், கணைய அழற்சியாக இருக்கலாம், இதயத்தின் அடிப்பகுதியைத் தாக்கிய மாரடைப்பாகவும் இருக்கலாம். நம் ஊரில் இவர்களில் பலர் முதல் நாளே வருவதில்லை. ‘வாயு பிடிச்சிருக்கும்’ என்று ஓமத் தண்ணீரும் பெருங்காயமும் குடித்து, மெடிக்கல் ஷாப்பில் கேஸ் மாத்திரை வாங்கிப் போட்டு, ஓர் ஊசியும் போட்டுக்கொண்ட பிறகு இரண்டாம் நாள் இரவில் வருகிறார்கள். வயிற்றை அமுக்கிப் பார்க்கும் கை, வலி எங்கே என்று சொல்லும். வயிறு விறைத்திருக்கிறதா என்று சொல்லும். உள்ளே என்ன என்பதை அது ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகத்தைச் சில நிமிடங்களில் சோதித்துப் பார்க்க உதவுவதுதான் இந்த ஸ்கேன்.

வயிற்றின் மேல் வைத்து நகர்த்தும் கைக்கருவிதான் புரோப். அதன் முனையில் இருக்கும் படிகங்களில் மின்னழுத்தம் பட்டால் அவை அதிர்ந்து ஒலியை அனுப்பும்; எதிரொலி திரும்பி வந்து மோதினால் அவையே மின்னழுத்தத்தைத் தரும். படிகங்களின் இந்தக் குணத்தை 1880-81-இல் கண்டறிந்தவர்கள் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ழாக் கியூரியும். உடலின் மென்திசுவில் ஒலி வினாடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் போகிறது என்று மெஷின் கணக்கு வைத்துக்கொள்கிறது. 1 செ.மீ. ஆழத்துக்குப் போய்த் திரும்பிவர 13 மைக்ரோவினாடி ஆகும். எதிரொலி வந்த நேரத்தை வைத்து ஆழமும், அதன் வலுவை வைத்து வெளிச்சமும் திரையில் புள்ளிகளாக விழுகின்றன. ரத்தம், சிறுநீர், பித்தநீர் போன்ற திரவங்கள் கறுப்பாகத் தெரியும். கல் பளிச்சென்ற வெள்ளையாகத் தெரிந்து, தனக்குப் பின்னால் கறுப்பு நிழல் ஒன்றை விடும். குடலில் உள்ள காற்றோ வந்த ஒலியை ஏறக்குறைய முழுவதும் திருப்பி அனுப்பிவிடும். அதற்கு அப்பால் எதுவும் தெரியாது. புரோப்புக்கும் தோலுக்கும் நடுவே உள்ள மெல்லிய காற்றுப் படலத்தை நீக்கத்தான் ஜெல். குடலுக்குள் இருக்கும் காற்றுக்கு ஜெல் உதவாது. மெதுவாக அழுத்தி ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் நோயாளியைப் புரட்டிப் படுக்கவைத்து வேறு பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும்.

வயிற்றுக்கு வழக்கமாக எடுப்பது வளைந்த முகம் கொண்ட, 2 முதல் 5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான புரோப். அதிர்வெண் குறைந்தால் ஒலி ஆழமாகப் போகும், ஆனால் படம் சற்று மங்கும். குழந்தைகளுக்கும் மெலிந்தவர்களின் குடல்வாலுக்கும் 7 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட நேர்முக புரோப் பொருந்தும். அது தெளிவாகக் காட்டும், ஆழத்துக்குப் போகாது.

வயிற்றை ஒலியால் பார்த்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்றே இப்படியொரு ‘ஆமா, இல்லையா’ கேள்வியோடுதான் தொடங்கியது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மகப்பேறு மருத்துவராக இருந்த இயன் டொனால்ட், கொதிகலன் தொழிற்சாலைகளில் உலோகத்தில் விரிசல் இருக்கிறதா என்று ஒலியால் பார்ப்பதை அறிந்திருந்தார். 1955-இல், அறுவை செய்து எடுத்த கருப்பைக் கட்டிகளையும் சினைப்பை நீர்க்கட்டிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் தொழிற்சாலைக்கே போய்ச் சோதித்தார். நீர்க்கட்டியும் கெட்டியான கட்டியும் வெவ்வேறு விதமாக எதிரொலித்தன. பிறகு ஜான் மக்விகர் என்ற மருத்துவரோடும் டாம் பிரவுன் என்ற பொறியாளரோடும் சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1958-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. வயிறு வீங்கிப்போய், அறுவைக்கு எட்டாத இரைப்பைப் புற்றுநோய் என்று கைவிடப்பட்டிருந்த ஒரு பெண்ணுக்கு இருப்பது பெரிய சினைப்பை நீர்க்கட்டிதான் என்று இந்த முறை காட்டிக்கொடுத்தது. கட்டியை எடுத்ததும் அவர் பிழைத்துக்கொண்டார்.

அன்றைய மெஷின் ஓர் அறையை அடைத்துக்கொண்டிருந்தது. கட்டிலருகே வர அதற்கு வெகு காலம் பிடித்தது. ஐரோப்பாவில், குறிப்பாக ஜெர்மனியில், அறுவை மருத்துவர்கள் விபத்தில் அடிபட்டவர்களின் வயிற்றில் ரத்தம் தேங்கியிருக்கிறதா என்று தாங்களே பார்க்கத் தொடங்கினார்கள். 1990-களில் அந்தப் பழக்கம் அமெரிக்காவுக்குப் போய் ‘ஃபாஸ்ட்’ என்ற பெயரைப் பெற்றது. போர்க்களத்தில் பயன்படக்கூடிய சிறிய மெஷினுக்காக அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு கொடுத்த பணத்தில் உருவானதுதான் 1999-இல் வந்த சோனோசைட் 180. கையில் தூக்கிப் போகக்கூடிய எடைதான். 2001-இல் அமெரிக்க அவசர மருத்துவர்கள் கல்லூரி, அவசர மருத்துவர் எதையெல்லாம் தானே ஸ்கேனில் பார்க்கலாம் என்று முதல் வழிகாட்டியை வெளியிட்டது. இன்று படிகத்துக்குப் பதிலாகச் சிலிக்கன் சிப்பை வைத்து, செல்போனில் செருகிப் பார்க்கும் புரோப்புகளும் வந்துவிட்டன.

எதை முதலில் பார்ப்பது என்பதை நோயின் வாய்ப்பு தீர்மானிப்பதில்லை. எது சீக்கிரம் கொல்லும் என்பதுதான் தீர்மானிக்கிறது. வலியோடு ரத்த அழுத்தமும் இறங்கி, கைகால் சில்லிட்டு, நாடி வேகமாக ஓடுகிறது என்றால் முதல் பார்வை வலது விலாவின் அடியில். நடு அக்குளிலிருந்து நேர்கீழே இறங்கும் கோட்டில் புரோப்பை வைத்தால் கல்லீரலும் வலது சிறுநீரகமும் ஒன்றையொன்று ஒட்டித் தெரியும். மல்லாந்து படுத்தவரின் மேல்வயிற்றில் தாழ்வான இடம் இதுதான். மாரிசன் பை என்று, ரதர்ஃபோர்டு மாரிசன் என்ற பிரிட்டிஷ் அறுவை மருத்துவரின் பெயரால் அழைக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே கறுப்புக் கீற்று ஒன்று தெரிந்தால் திரவம் இருக்கிறது. கல்லீரலின் கீழ்நுனியைச் சுற்றித்தான் அது முதலில் எட்டிப்பார்க்கும், ஆகவே அந்த நுனி வரை புரோப்பை நகர்த்தாமல் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதக் கூடாது. அடுத்து இடப்பக்கம் மண்ணீரலைச் சுற்றி, பிறகு இடுப்புக் குழியில். 200 மில்லிக்கும் குறைவாக இருந்தால் மேல்வயிற்றில் பெரும்பாலும் தெரியாது.

கறுப்புக் கீற்று தெரிந்தாலும் அது ரத்தமா, மகோதர நீரா, குடல் ஓட்டையிலிருந்து கசிந்ததா என்று ஸ்கேன் சொல்லாது. குடிப்பழக்கத்தால் கல்லீரல் சுருங்கியவர், டெங்குவில் ஐந்தாம் நாளில் இருப்பவர், கருக்குழாய் வெடித்த பெண் ஆகிய மூவருக்கும் திரையில் ஒரே கறுப்புதான். நோயாளியின் கதையை அருகில் வைத்துத்தான் அதைப் படிக்க முடியும். தேவைப்பட்டால் அதே புரோப்பின் கண்காணிப்பில் ஊசியால் சிறிது இழுத்துப் பார்த்துவிடலாம்.

கருத்தரிக்கும் வயதுப் பெண் அடிவயிற்று வலியோடு வந்தால் முதலில் சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை, அப்புறம்தான் புரோப். இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. ‘கர்ப்பமா இருக்க வாய்ப்பு இருக்காம்மா?’ என்று தாயாரும் அத்தையும் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால், கல்யாணமாகாத பெண் சொல்லக்கூடிய பதில் ஒன்றுதான். அந்தப் பதிலை நம்பிப் பரிசோதனையை விட்டுவிடுவது உயிரோடு விளையாடுவது. கேள்வியைத் தனியாகக் கேட்கலாம். பதில் எதுவானாலும் பரிசோதனையை எல்லோருக்கும் பொதுவான வழக்கமாகச் செய்துவிடலாம்.

பரிசோதனை பாசிட்டிவ் என்றால், ஸ்கேனிடம் கேட்க வேண்டியது ‘கருக்குழாயில் கரு இருக்கிறதா’ என்பதல்ல. அதைக் கண்டுபிடிக்க நிபுணருக்கே சிரமம். ‘கரு கர்ப்பப்பைக்குள் இருக்கிறதா’ என்றுதான் கேட்க வேண்டும். கர்ப்பப்பைக்குள் கருவைச் சூழ்ந்த பையும், அதற்குள் வட்டமான மஞ்சள்கருப் பையும் தெரிந்தால் கரு இடத்தில்தான் இருக்கிறது. வெறும் கறுப்பு வட்டத்தை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. கருக்குழாய்க் கர்ப்பத்திலும் கர்ப்பப்பைக்குள் இப்படியொரு போலிப் பை தோன்றும். உள்ளேயும் ஒன்று, வெளியேயும் ஒன்று என்று இரட்டைக் கர்ப்பம் இயல்பாக உண்டாவது மிக அரிது. ஐ.வி.எஃப். சிகிச்சையில் கருத்தரித்தவர்களுக்கு அந்த வாய்ப்பு கணிசமாகக் கூடும் என்பதால், ‘எங்கே டிரீட்மென்ட் எடுத்தீங்க’ என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்பது நல்லது. கர்ப்பப்பை காலியாக இருந்து, மாரிசன் பையில் கறுப்பும் தெரிந்தால், அடுத்த போன் அழைப்பு ஆபரேஷன் தியேட்டருக்குத்தான் போக வேண்டும்.

அறுபது வயதைத் தாண்டியவர், அதிலும் புகைபிடிக்கும் ஆண், வயிற்றிலோ முதுகிலோ வலி என்று வந்தால் வயிற்றுப் பெருந்தமனியைப் பார்க்காமல் விடக் கூடாது. தொப்புளுக்கு மேலே நடுவில் புரோப்பைக் குறுக்காக வைத்தால் முதுகெலும்பு வளைந்த வெள்ளைக் கோடாகவும் அதன் பின்னே நிழலாகவும் தெரியும். அதற்கு முன்னால் நோயாளியின் இடப்பக்கம் இருக்கும் வட்டம் பெருந்தமனி, வலப்பக்கம் இருப்பது பெருஞ்சிரை. அங்கிருந்து தொப்புளருகே தமனி இரண்டாகப் பிரியும் இடம் வரை அறுபடாமல் பின்தொடர வேண்டும். வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை அளந்து 3 செ.மீ.க்கு மேல் போனால் வீக்கம். உள்ளே ரத்தம் ஓடும் கறுப்புப் பகுதியை மட்டும் அளந்துவிட்டு ‘நார்மல்’ என்று சொல்வது பழகாதவர்கள் வழுக்கும் இடம். சுவரோடு ஒட்டி உறைந்திருக்கும் ரத்தக்கட்டியும் அளவில் சேர்த்திதான். பயிற்சி பெற்ற அவசர மருத்துவர்கள் கையில் இந்தக் கேள்விக்கான துல்லியம் 99 சதவீதத்தை எட்டுவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. வயிற்று ஸ்கேனில் இந்த அளவுக்கு நம்பத்தக்க விடை வேறு எதற்கும் கிடைப்பதில்லை. ஒரு விஷயம் மட்டும் ஸ்கேனுக்கு எட்டாது. வெடித்த தமனியின் ரத்தம் பெரும்பாலும் வயிற்றறைக்குப் பின்னால் கசிவதால் கசிவு கண்ணில் படாது. வீக்கம், வலி, இறங்கிய ரத்த அழுத்தம் மூன்றும் சேர்ந்தால் வெடித்திருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் ஓட வேண்டும்.

இந்த நோயின் பெயர்பெற்ற நோயாளி ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். 1948 டிசம்பரில் புரூக்ளினில் ருடால்ஃப் நிசன் என்ற அறுவை மருத்துவர் அவருடைய வயிற்றைத் திறந்து, வீங்கிய பெருந்தமனியைக் கண்டு, அன்று இருந்த வழிப்படி அதைச் செல்லோஃபேன் தாளால் சுற்றிவைத்தார். தாள் உறுத்தி உண்டாகும் தழும்பு சுவரைப் பலப்படுத்தும் என்பது நோக்கம். 1955 ஏப்ரலில் வலி வந்தபோது அது பித்தப்பைக் கோளாறு போலவே தோன்றியது. மறுபடி அறுவை வேண்டாம் என்று அவரே மறுத்துவிட்டார். ஏப்ரல் 18-இல் காலமானார். பித்தப்பை வலியாக வேஷம் போடும் தமனி வெடிப்பை ஐன்ஸ்டைன் அறிகுறி என்றே மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு பித்தப்பை. சாப்பிட்ட பின் வலது மேல்வயிற்றில் தொடங்கி தோள்பட்டைக்கு ஏறும் வலி, வாந்தி. நோயாளியை இடப்பக்கம் ஒருக்களித்து, மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னால் பித்தப்பை விலாவுக்கு அடியிலிருந்து இறங்கி வரும். கறுப்புப் பைக்குள் வெள்ளைக் கல், பின்னால் நிழல், புரண்டு படுத்தால் கல் உருளும். உருளாமல் நிழலும் விடாமல் சுவரில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் பாலிப் எனும் சதைவளர்ச்சி. கழுத்தில் சிக்கிய கல்லும் உருளாது என்பதால், பையின் கழுத்து வரை பார்க்காமல் முடிக்கக் கூடாது. பை முழுக்கக் கல் நிரம்பியிருந்தால் பையே தெரியாது. ஒரு வெள்ளை வளைவும் பெரிய நிழலும் மட்டும் தெரியும். அதைக் குடல் காற்று என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவது உண்டு.

கல் இருப்பதும் அந்தக் கல்லால் வலிப்பதும் ஒன்றல்ல. ஊரில் பாதிப் பேர் கல்லைச் சுமந்துகொண்டு வலி தெரியாமல் நடமாடுகிறார்கள் என்று சொன்னால் மிகைதான். ஆனால் தற்செயலாகக் கண்ணில் படும் கற்கள் ஏராளம். அழற்சி உண்டா என்று அறிய சிகாகோவின் ஜான் மர்ஃபி சொன்ன பழைய சோதனையையே புரோப்பால் செய்யலாம். பழைய முறையில் விரல், பித்தப்பை இங்கே இருக்கும் என்ற ஊகத்தில் அழுத்தும். இப்போது திரையில் பித்தப்பையைப் பார்த்துக்கொண்டே அதன் மேல் அழுத்தலாம். மற்ற இடங்களைவிட அங்கேதான் உயிர் போகிறது என்றால் பாசிட்டிவ். கல்லும் இந்த வலியும் சேர்ந்தால் பித்தப்பை அழற்சிக்கு வலுவான சான்று. நெடுநாள் சர்க்கரை நோயாளிக்குப் பித்தப்பை அழுகிப்போன நிலையிலும் இந்த வலி இல்லாமல் இருக்கலாம்; அவரிடம் நெகட்டிவ் என்பதற்குப் பெரிய மதிப்பு கிடையாது.

பித்தப்பைச் சுவர் 3 மி.மீ.க்கு மேல் தடித்திருந்தால் அழற்சி என்று பாடநூல்கள் சொல்கின்றன. மழைக்காலத்துத் தமிழ்நாட்டில் இந்த ஒரு வரியை மட்டும் படித்தவர் வழிதவறுவார். டெங்குவில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிவதால் பித்தப்பைச் சுவர் அடுக்கடுக்காக வீங்கித் தடிக்கும்; சுற்றிலும் திரவமும் இருக்கும். காய்ச்சலும் வலது மேல்வயிற்று வலியுமாக வந்த இருபது வயதுப் பையனை, தட்டணுக்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போது அறுவைக்கு அனுப்புவதைவிடப் பெரிய தவறு இருக்க முடியாது. புரோப்பைச் சற்று மேலே நகர்த்தி வலது நுரையீரலின் அடியிலும் நீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீரும். கல்லீரல் அழற்சி, கல்லீரல் சுருக்கம், இதயச் செயலிழப்பு ஆகியவற்றிலும் சுவர் தடிக்கும். சாப்பிட்டவுடன் சுருங்கிய பித்தப்பைகூடத் தடித்தாற்போல்தான் தோன்றும். இதே பகுதியைப் பார்க்கும்போது கல்லீரலுக்குள் மங்கலான, நிழல் விடாத, உருண்டையான பகுதி தெரிந்தால் சீழ்க்கட்டியை நினைக்க வேண்டும். அமீபாவால் வரும் இந்தக் கட்டிக்கும் கள், சாராயம் குடிப்பதற்கும் உள்ள தொடர்பை நம் பக்கத்து மருத்துவர்கள் நெடுங்காலமாகவே கவனித்து வந்திருக்கிறார்கள்.

பித்தக்குழாய் 6 மி.மீ.க்குள் இருக்கிறதா என்று பார்ப்பதும் இந்த வரிசையில் சேர்த்தி. பழகாத கைக்கு அது கிடைக்காது. காமாலை இருந்தால் கதிரியக்க நிபுணரிடமே விட்டுவிடலாம்.

விலாவிலிருந்து கவட்டைக்கு இறங்கும் வலியில் உருளும் நோயாளியிடம் சிறுநீரகத்தைப் பார்ப்பது எளிது. கல் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. சிறுநீர்க் குழாயின் நடுவில் சிக்கிய கல்லைக் குடல் மறைத்துவிடும். அடைப்பால் சிறுநீரகத்தின் நடுப்பகுதி நீர் தேங்கி விரிந்திருக்கிறதா என்பதே கேள்வி. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நிறையத் தண்ணீர் குடித்தவருக்கு இரண்டும் லேசாக விரியும். இங்கேதான் பெட்சைடு ஸ்கேனுக்கு வலுவான ஆதாரம் கிடைத்தது. அமெரிக்காவின் 15 அவசரப் பிரிவுகளில், கல் என்று சந்தேகிக்கப்பட்ட 2759 பேரைச் சீட்டுக் குலுக்கல் போலப் பிரித்து, அவசர மருத்துவர் எடுத்த ஸ்கேன், கதிரியக்கத் துறை எடுத்த ஸ்கேன், சி.டி. ஆகிய மூன்றில் ஒன்றோடு தொடங்கினார்கள். முடிவுகள் 2014-இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியாயின. ஆபத்தான நோயைத் தவறவிட்டு அதனால் சிக்கல் வருவது மூன்று குழுவிலும் அரிதாகவே இருந்தது, குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஸ்கேனோடு தொடங்கியவர்களுக்குக் கதிர்வீச்சு குறைந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிறகு சி.டி.யும் தேவைப்பட்டது என்றாலும், எல்லோருக்கும் சி.டி. என்ற வழக்கம் தேவையில்லை என்பதுதான் இந்த ஆய்வின் பொருள். ஆனால் அறுபது வயதுக்கு மேல் முதல்முறையாகக் ‘கிட்னி கல்’ வலியோடு வருபவருக்குப் பெருந்தமனியைப் பார்க்காமல் கல் என்று முடிவுகட்டக் கூடாது.

சிறுநீர்ப்பையைப் பற்றி நூல்கள் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பத்து வினாடியில் பலன் தரும் ஸ்கேன் அதுதான். அடிவயிறு புடைத்து, வியர்த்து, யாரையும் தொடவிடாத முதியவர். ‘ஒண்ணுக்குப் போறாரே’ என்று மகன் சொல்வார். நிரம்பி வழிவதால் சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டுதான் இருக்கும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.யில் பெருக்கி, அதை 0.52-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ எத்தனை மில்லி என்று கிடைத்துவிடும். 12, 10, 11 என்று அளவு வந்தால் 680 மில்லிக்கு மேல். டியூப் போட்டதும் அவர் முகம் மாறிவிடும்.

குடல்வால் அழற்சியில் ஸ்கேனின் நிலை சிக்கலானது. நெதர்லாந்தின் ஜூலியன் பியூலார்ட் 1986-இல் படிப்படியாக அழுத்திப் பார்க்கும் முறையை எழுதியதிலிருந்து இது சாத்தியமானது. வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் காட்டச் சொல்ல வேண்டும். பலர் அதைச் சரியாகவே காட்டுவார்கள். அங்கே நேர்முக புரோப்பை வைத்து, மூச்சு வெளியே போகும்போதெல்லாம் சிறிது சிறிதாக அழுத்தினால் குடலில் உள்ள காற்று ஒதுங்கும். வெடுக்கென்று அழுத்தினால் வயிறு இறுகிக்கொள்ளும், அத்தோடு முடிந்தது. இடுப்புத் தசைக்கும் இடுப்புத் தமனிக்கும் முன்னால், ஒரு முனை மூடிய, அசைவே இல்லாத குழாய் தெரிய வேண்டும். வெளி விட்டம் 6 மி.மீ.க்கு மேல் இருந்து, அழுத்தினாலும் நசுங்காமல் நின்றால் அழற்சி. உள்ளே நிழல் விடும் கல், சுற்றிலும் வெளுத்துத் தடித்த கொழுப்பு இரண்டும் கூடுதல் சாட்சி. சிறுகுடலின் கடைசிப் பகுதியைக் குடல்வால் என்று எண்ணிவிடாமல் இருக்க, அது அசைகிறதா என்று ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தால் போதும்.

குழந்தைகளிடமும் மெலிந்தவர்களிடமும் இந்த முறை நன்றாக வேலை செய்யும். பருமனானவரிடம் குடல்வால் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருந்தால் நிபுணருக்கும் கிடைக்காது. குடல்வால் தென்படவில்லை என்பதைக் குடல்வாலில் கோளாறில்லை என்று எடுத்துக்கொள்வதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் விபத்து. ‘ஸ்கேன்ல ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க’ என்று வீட்டுக்குப் போனவர் மூன்றாம் நாள் வெடித்த குடல்வாலோடு திரும்பி வருகிறார். பியூலார்ட் எழுதிய அதே 1986-இல் அல்ஃபிரெடோ அல்வராடோ வெளியிட்ட பத்து மதிப்பெண் கணக்கு, வலி இடம் மாறியது, பசியின்மை, காய்ச்சல், வெள்ளணுக்கள் போன்றவற்றைக் கூட்டிப் பார்ப்பது, இன்னும் பயன்படுகிறது. மதிப்பெண் கூடுதலாக இருந்து ஸ்கேனில் குடல்வால் கிடைக்கவில்லை என்றால் சி.டி. எடுக்கலாம், இல்லை வார்டில் வைத்து சில மணி நேரம் கழித்து மறுபடி பார்க்கலாம்.

குடல் அடைப்பைப் பார்ப்பது எளிது. திரவம் நிறைந்து 2.5 செ.மீ.க்கு மேல் விரிந்த சிறுகுடல் வளையங்களும், அவற்றுக்குள் முன்னும் பின்னும் அலையும் உள்ளடக்கமும் தெரியும். காரணத்தைச் சி.டி.தான் சொல்லும், ஒன்றைத் தவிர: குடலிறக்கம். கவட்டை வரை பார்த்தால் அது வெறும் கண்ணுக்கே தெரியும். வேட்டியை இறக்காமல் பார்த்த வயிற்றுக்கு எத்தனை நல்ல மெஷினும் உதவாது. கைக்குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு, காலை மடக்கி அழுதால் குடல் குடலுக்குள் சொருகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல வளையத்துக்குள் வளையமாகத் தெரியும், பெரும்பாலும் வலப்பக்கம். ரத்தமும் சளியுமாக மலம் போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இரைப்பைப் புண் ஓட்டையானால் வெளியேறும் காற்று கல்லீரலுக்கு முன்னால் பளிச்சென்ற கோடாகத் தெரியலாம். தெரியாவிட்டால் நிற்கவைத்து எடுக்கும் மார்பு எக்ஸ்ரேயும் சி.டி.யும் இருக்கின்றன.

இந்த ஸ்கேனுக்கு அகப்படாத சில நோய்கள் உண்டு. குடலுக்குப் போகும் தமனியில் ரத்தக்கட்டி அடைத்தால் நோயாளி துடிப்பார், வயிறோ மெத்தென்று இருக்கும், ஸ்கேனும் சாதுவாக இருக்கும். இதயத் துடிப்பு ஒழுங்கற்ற முதியவரிடம் இந்தப் பொருத்தமின்மையே நோயைக் காட்டிக்கொடுக்கும். உடனே தமனிகளைக் காட்டும் சி.டி. வேண்டும். சினைப்பை முறுக்கிக்கொண்ட பெண்ணுக்கு டாப்ளரில் ரத்த ஓட்டம் தெரிந்தாலும் முறுக்கு இல்லை என்று சொல்ல முடியாது. கணையத்தை முன்னால் உள்ள குடல் காற்று மறைத்துவிடும். அங்கே ஸ்கேனின் வேலை, காரணமான பித்தக்கல் உண்டா என்று பார்ப்பதோடு சரி. மேல்வயிற்று வலிக்கு ஈ.சி.ஜி. எடுக்காமல் ஸ்கேனைத் தொடங்குவது வரிசையைத் தலைகீழாக்குவது.

‘இப்பத்தானே ஸ்கேன் எடுத்தீங்க, மறுபடி எதுக்கு?’ என்று உறவினர் கேட்பது நியாயமான கேள்வி. முதலில் எடுத்தது உயிருக்கு ஆபத்தா என்று பார்க்க, இப்போது எடுப்பது முழுமையாகப் பார்க்க என்று முதல் ஸ்கேனின்போதே சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி எழாது. எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவில்லை, எது தெரியவில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதி, படத்தையும் சேமிக்க வேண்டும். எழுதாத ஸ்கேனை அடுத்த ஷிஃப்டில் வருபவரால் பயன்படுத்த முடியாது.

இந்தியாவில் இந்த ஸ்கேனுக்குச் சட்டத்தின் கட்டுப்பாடும் உண்டு. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் 1996-இல் நடைமுறைக்கு வந்தது, 2003-இல் விரிவாக்கப்பட்டது. அல்ட்ராசவுண்டு மெஷின் எதுவானாலும் பதிவு செய்யப்பட வேண்டும். கர்ப்பிணிக்குக் குடல்வாலைப் பார்க்கத்தான் எடுத்தாலும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். 2012-இல் வந்த விதித் திருத்தம், கையில் தூக்கிப் போகும் மெஷினைப் பதிவு பெற்ற வளாகத்துக்குள்ளும் நடமாடும் மருத்துவ ஊர்தியிலும் மட்டும் பயன்படுத்த அனுமதிக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தையே கொண்டுவர வேண்டியிருந்த தமிழ்நாட்டில், இந்தக் கண்டிப்பு ஏன் வந்தது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் விலையை அவசரப் பிரிவும் தருகிறது. பதிவுக்கும் படிவத்துக்கும் பயந்து சிறிய மருத்துவமனைகள் மெஷினையே வாங்காமல் விட்டுவிடுகின்றன, வாங்கினாலும் ஸ்கேன் அறைக்குள் பூட்டிவைக்கின்றன. கருக்குழாய் வெடித்தவர் இரவு இரண்டு மணிக்கு வரும்போது சாவி வேறொருவரிடம் இருக்கிறது.

அவசர மருத்துவத்தில் எம்.டி. படிப்புக்கு இந்திய மருத்துவ கவுன்சில் 2009-இல்தான் அங்கீகாரம் கொடுத்தது. அந்தப் படிப்பில் ஸ்கேனும் சேர்ந்தே வருகிறது. தாலுகா மருத்துவமனையில் இரவு டியூட்டி பார்க்கும் எம்.பி.பி.எஸ். மருத்துவருக்கு அந்தப் பயிற்சி இல்லை. அவருக்குக் குடல்வாலையும் பித்தக்குழாயையும் கற்றுத்தர முயல்வதைவிட, மாரிசன் பை, பெருந்தமனி, கர்ப்பப்பை, சிறுநீர்ப்பை ஆகிய நான்கை மட்டும் நிபுணர் பக்கத்தில் நிற்கப் பலமுறை பார்க்கவைப்பது பயன் தரும். 108 ஆம்புலன்ஸில் ஏற்றி மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பும் முன், யாரை முதலில் அனுப்புவது, அங்கே யாரை எழுப்பி வைக்கச் சொல்வது என்பதை முடிவுசெய்ய இந்த நான்கே போதும்.